கொடியை இறக்கச் சொன்னவன்

முழங்கால் நோவுக்கென்று போன வாரம் மல்கிரேவ் மருந்துக்கடையில் ஒரு தைலம் வாங்கி வந்தேன். கட்டிலில் இருந்தபடி மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறிய வாடை என்னை நேரே மெல்பனின் கிளேட்டன் பகுதியில் நாம் குடியிருந்த இரண்டறை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. சனிக்கிழமைக் காலைகளில் நீ இதைத்தான் கெண்டைக்காலில் தேய்ப்பாய். குசினிவரை மணக்கும். "இந்த வாசத்துலயே எதிர் டீம் மயங்கிடும்" என்பாய். நாம் நடுவர்கள், நமக்கு எதிர் அணி என்று ஒன்றில்லை என்று நான் திருத்துவேன். "ரெண்டு டீமுமே நமக்கு எதிர் டீம்தான் லா" என்பாய்.

நீ கண்மூடி நான்கு மாதமாகிறது. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைத் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நீ மலேசியாவின் ஈப்போவிலிருந்து பொறியியல் படிக்க வந்தவன். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலைக்கு இருந்தவன். வாடகையைப் பகிர ஆள் தேடியபோது ஒருவருக்கொருவர் அகப்பட்டோம். நான் 'வாறன்' என்றால் நீ சிரிப்பாய். நீ 'லா' போட்டால் நான் சிரிப்பேன். உயர்நிலைப் பள்ளிகளின் உதைபந்தாட்டப் போட்டிகளுக்கு நடுவர்கள் தேவை என்ற அறிவித்தலை மாணவர் உணவகத்துச் சுவரில் கண்டது நீதான். பள்ளி அணியில் வலது ஓரத்தில் ஆடியவன் நீ. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. தனியாகப் போக மனமில்லாமல்தான் என்னையும் இழுத்துக்கொண்டு போனாய்.

ஆறு செவ்வாய்க்கிழமைகள் ஒரு பள்ளியின் விஞ்ஞான அறையில் வகுப்பு நடந்தது. மற்றதெல்லாம் புரிந்தது, ஓஃப்சைட் மட்டும் எனக்கு ஏறவில்லை. நீதான் சாப்பாட்டு மேசையில் அதை விளங்கப்படுத்தினாய். மிளகாய்த்தூள் போத்தல் கோல்காப்பாளன், உப்புச்சாடி கடைசித் தடுப்பாளன், ஒரு வெங்காயம் பந்தை எதிர்பார்த்து நிற்கும் பையன். பந்து உதைபடும் அந்தக் கணத்தில் வெங்காயம் உப்பைத் தாண்டி நிற்கக்கூடாது. பிறகு எவ்வளவு தூரம் ஓடினாலும் பரவாயில்லை. "அந்த நேரத்துல எங்க நிக்கிறான், அத மட்டும் பாரு" என்று நீ திரும்பத் திரும்பச் சொன்னாய்.

என் முதல் ஆட்டத்தில் விசில் சத்தமே வரவில்லை. மூச்சை உள்ளே பிடித்துக்கொண்டு ஊதியிருக்கிறேன். கோட்டுக்கு வெளியே போன பந்தை எந்தப் பக்கத்துக்குக் கொடுப்பது என்று தடுமாறி இரண்டு கையையும் தூக்க, ஒரு தாய் வாய்விட்டுச் சிரித்தாள். அன்று காரில் வரும்போது நீ சொன்னாய், "தப்பா இருந்தாலும் கைய நேரா நீட்டு. பாதியில மடக்காத." உன் பழைய காரில் சூடு வராது. நான் கையை நீட்டி நீட்டிப் பழகிக்கொண்டே வந்தேன்.

அந்த ஆண்டின் அரையிறுதி ஆட்டத்துக்கு நம் இருவரையும் போட்டார்கள். நான் நடுவில், நீ கோட்டோரம் கொடியோடு, எதிர்க்கோட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். நம்மை மதிப்பிட்டு மேல்நிலை ஆட்டங்களுக்கு எடுக்க ஒரு மேற்பார்வையாளரும் வந்திருந்தார். அது தெரிந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உனக்கு ஒன்றுமில்லை. நீ வழக்கம்போல் தைலம் தேய்த்தாய்.

உள்ளூர்ப் பள்ளியின் பெற்றோர் உன் முதுகுக்குப் பின்னால்தான் நின்றார்கள். உங்கள் ஊரில் பந்துக்குப் பதிலாகத் தேங்காயையா உதைப்பீர்கள் என்று ஒரு தகப்பன் கேட்டதும், மற்றவர்கள் சிரித்ததும் நடுவில் நின்ற எனக்கே கேட்டன. ஆட்டத்தை நிறுத்தி அவர்களை அப்பால் போகச் சொல்ல எனக்கு அதிகாரம் இருந்தது. வகுப்பில் அதைத் தெளிவாகச் சொல்லித் தந்திருந்தார்கள். நான் கேட்காதவன்போல் ஓடினேன்.

ஒன்றுக்கு ஒன்று. முடிய இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். உள்ளூர் அணிக்காரன் நீளமாக ஒரு பந்தை உதைத்தான். உதைத்த கணத்தில் அவர்களுடைய சிவப்புத்தலைப் பையன் கடைசித் தடுப்பாளனைத் தாண்டி இரண்டு அடி முன்னால் நின்றான். நான் கண்டேன். மேசையில் நீ காட்டிய வெங்காயம் மாதிரி அவ்வளவு துலக்கமாகக் கண்டேன். ஓஃப்சைட் என்று உன் கொடியும் உயர்ந்தது. விசில் என் வாயில்தான் இருந்தது. உன் பின்னால் இருந்த கூட்டம் ஒரே குரலில் உறுமியது. இரண்டு கறுத்தவர்கள் சேர்ந்து கோலைப் பறித்துவிட்டார்கள் என்பார்கள், மேற்பார்வையாளர் என்ன நினைப்பார் என்று ஓடியது என் புத்தி. நான் ஊதவில்லை. பையன் கோல் போட்டான். கோல் செல்லும் என்று நான் கையை நேராக நீட்டி நடுவட்டத்தைக் காட்டினேன்.

கொடி உயர்ந்திருக்கிறதே என்று மற்ற அணியின் தலைவன் மரியாதையாகத்தான் கேட்டான். உன்னிடம் ஓடி வந்தேன். நீ கொடியைத் தூக்கியபடி அசையாமல் நின்றாய். யாருக்கும் விளங்கக்கூடாதென்று தமிழில் சொன்னேன்.

"இறக்கு மச்சான்."

"டேய், அவன் முன்னால நின்னான்."

"இறக்கு. பிறகு கதைப்பம்."

நீ என்னை ஒரு முறை பார்த்துவிட்டுக் கொடியை இறக்கினாய். இந்த நாட்டில் நாம் இருவரும் வீட்டுக்குள் பேசி மகிழ்ந்த மொழியில் உன் வாயை அடைத்தேன். கூட்டம் கைதட்டியது.

உடை மாற்றும் அறையில் மேற்பார்வையாளர் அந்தக் கொடியைப் பற்றி விசாரித்தார். என் நண்பன் தவறுதலாகத் தூக்கிவிட்டான், பிறகு தானே உணர்ந்து இறக்கினான் என்றேன். நீ குனிந்து சப்பாத்துக் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தாய். கொஞ்ச நாள் சின்னப் பையன்களின் ஆட்டங்களில் பழகுவது நல்லது என்று அவர் உன்னிடம் கனிவாகச் சொன்னார். எனக்குக் கை கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து நீ அரிசி கழுவினாய். முதுகைக் காட்டியபடியே கேட்டாய், "நெசமா சொல்லு. நீ பாத்தியா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கேட்டது நீ, கேட்க வேறு யாரும் இல்லை.

"பார்த்தனான். பந்து உதைக்கேக்க அவன் பின்னாலதான் நின்றவன். பிறகுதான் ஓடினவன். நீ பிழையாய்ப் பார்த்திட்டாய்."

நீ அரிசித் தண்ணீரை வடித்தாய். "சரி, அப்ப என் கண்ணுதான்" என்றாய்.

அதன் பிறகு இரண்டு ஆட்டங்களுக்குப் போய்விட்டுச் சட்டையையும் கொடியையும் திருப்பிக் கொடுத்துவிட்டாய். படிப்பு அதிகம் என்றாய். ஆனால் எனக்குக் கார் இல்லை. அந்தக் குளிர்காலமும் அடுத்த குளிர்காலமும் ஒவ்வொரு சனிக்கிழமையும் நீயே என்னை மைதானத்துக்குக் கொண்டுபோய் விட்டாய். நான் ஊதி முடிக்கும்வரை காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பேப்பர் வாசித்தாய். நான் ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நீ சிட்னிக்கு வேலைக்குப் போனாய், கலியாணம் செய்தாய். நான் பதினெட்டு ஆண்டுகள் நடுவராக நின்றேன். விலகியபோது சங்கத்தார் ஒரு கேடயம் தந்தார்கள். உனக்கு எப்படியோ தெரிந்து தொலைபேசி எடுத்தாய், என்னைவிட உனக்குத்தான் சந்தோஷம். இத்தனை ஆண்டும் நான் ஒன்றைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டு வந்தேன்: அவனுக்கு எல்லாம் தெரியும், 'என் கண்ணுதான்' என்றது குத்தல், தெரிந்தே என்னை மன்னித்துவிட்டான். அப்படி நினைத்தால் நித்திரை வந்தது.

உன் இறுதிச் சடங்குக்கு சிட்னி வந்தேன். தேவாலயத்தில் பேசச் சொன்னார்கள். மிளகாய்த்தூள் போத்தலையும் வெங்காயத்தையும் சொன்னேன். உன் பேரப்பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள். பிறகு மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது உன் மனைவி என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். உன்னைப் பற்றிச் சிரிப்பாக ஒன்று சொல்லத்தான் வந்தார்.

"அவரு கொடி பிடிச்ச கதைய எங்ககிட்ட அடிக்கடி சொல்வாருண்ணே. அந்த கேம் முடிஞ்ச வாரமே கண் டாக்டர்கிட்ட போனாராம். கண்ணுல ஒரு குறையும் இல்லன்னாங்களாம். ஆனா என் ஃபிரெண்டு பொய் சொல்லமாட்டான், அதனால குறை என்கிட்டதான் இருக்கணும்னு விட்டுட்டேன்னு சொல்லிச் சிரிப்பாரு."

நீ என்னை மன்னிக்கவில்லை. மன்னிக்க ஏதோ இருக்கிறது என்பதே உனக்குத் தெரிந்திருக்கவில்லை. என்னை நம்பினாய். உன் கண்ணைவிட என் சொல்லை நம்பி, உனக்குப் பிடித்த விளையாட்டை விட்டுவிட்டு, காருக்குள் இருந்து பேப்பர் வாசித்தாய்.

அந்தக் கதிரையில் இருந்தபடியே உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தமிழில் இறக்கச் சொன்னது, அறையில் சொன்னது, நீ அரிசி கழுவும்போது சொன்னது. முடிந்ததும் என் கையிலிருந்த காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

"இத அவருகிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

"ஓம்" என்றேன்.

மெல்பன் திரும்பியதிலிருந்து சாப்பிடும்போதும் நடக்கும்போதும் உன் மனைவி சொன்ன அந்த ஒரு வசனம்தான் என்னோடு இருக்கிறது. நாற்பது ஆண்டுக்கு மேலாக உனக்குச் சேர வேண்டியதை நான் வைத்திருந்தேன். கேட்க நீ இல்லாதபோதுதான் எழுத முடிகிறது என்பதும் என் கோழைத்தனத்தில் சேர்ந்ததுதான்.

அந்தப் பையன் முன்னால்தான் நின்றான். உன் கண்ணில் ஒரு பிழையும் இல்லை. நானும் பார்த்தேன்.