தலைப்பில் அதிகமான ஒரு சொல்

மார்ச் 3, திங்கள்

பாப்பாவுக்கு ஏழு மாதம். நான் வேலைக்குத் திரும்பிப் பத்து நாள். ஆரணி வீட்டிலிருந்தே வேலை. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்குப் பயந்து மைக்கை அணைத்து அணைத்துப் பேசுகிறேன். எங்கள் தொழில்நுட்பத் தர ஆவணத்தின் முகப்பில் ஒரே பெயர். ஆசிரியர் – ஜாக்குலின். என் விடுப்பில் அதைத் தொடர்ந்து எழுதிய ஜூனியர். முதல் நாற்பது பக்கம் எழுதியவள் நான். பிரசவ விடுப்பில் போனால் பேரும் கூடவே போயிடுமா?

மார்ச் 5

தலைப்பைப் பார்த்தேன். 'ஃபைபர் கருவிகளுக்கான நெட்வொர்க் மேலாண்மைத் தரம்.' மேலாண்மையா? உள்ளே இருப்பது கருவியில் கோளாறு வந்தால் தெரிவிக்கும் முறை மட்டும். இதை வைத்துக் கருவியின் ஒரு செட்டிங்கைக்கூட மாற்ற முடியாது. தலைப்பைப் பார்க்கிறவர்கள் முடியும் என்று நம்பித்தான் கருவியை வாங்குவார்கள். இருபதாம் தேதி பரிசீலனைக் கூட்டம். ஜாக்குலினைக் கிழித்துவிடுவார்கள். கிழிக்கட்டும்.

மார்ச் 9

ஜாக்குலின் போன் செய்தாள். "அக்கா, தலைப்பு ஓகேவா? உங்களைக் கேட்காம அனுப்ப மனசு வரல."

"நல்லா இருக்கு ஜாக்கு. அப்படியே அனுப்பு."

எவ்வளவு சுலபமா வந்துச்சு!

பாப்பாவை மடியில் வைத்திருந்த அத்தை கேட்டார்: "யாரும்மா அது? வாய் சிரிச்சிகினு கீது, மூஞ்சி கடுகடுன்னு கீது?"

மார்ச் 10

தூங்கவில்லை. பாப்பாவுக்குச் சளி. அதனால்தான். அதனால மட்டும்தானா?

மார்ச் 14

என் வீட்டுக்காரர் ரெஜி தன் கடையிலிருந்து புடவைப் பெட்டிகளைக் கொண்டுவந்து லேபிள் ஒட்டினார். 'அசல் ஜரிகை' லேபிளை மட்டும் ஓரமாகத் தள்ளிவைத்தார். "பார்டர்ல மட்டும்தான் அசல். புடவை முழுக்கன்னு நினைச்சி வாங்கிகினு போவாங்க, அப்புறம் வந்து என் சட்டையைப் பிடிப்பாங்க."

நான் பாப்பாவின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

மார்ச் 17

அவள் மாட்டப்போவது போதவில்லை எனக்கு. இந்தத் தலைப்பை என்றைக்கு வைத்தாள் என்றும் தெரிய வேண்டும். பழைய திருத்தங்களின் பதிவைத் திறந்தேன்.

தலைப்பு வைத்தவர்: ரீனா. இரண்டு வருடத்துக்கு முன்.

நான்! செட்டிங் மாற்றுவதற்கும் ஓர் அத்தியாயம் எழுதுவதாக இருந்தேன். விடுப்புக்கு முன் நானே அதை நீக்கினேன். தலைப்பைத் தொட மறந்துட்டேன்.

கீழே ஜாக்குலின் குறிப்பு: 'அக்கா வைத்த தலைப்பு. வந்ததும் அவங்களையே கேட்கணும்.'

கேட்டாளே. நான் இன்னா சொன்னேன்?

மார்ச் 18

காலையிலேயே கூப்பிட்டேன். "ஜாக்கு, தலைப்பு தப்பு. நான் வெச்சதுதான். நீ கேட்டப்பவே தப்புன்னு எனக்குத் தெரியும்."



"தெரிஞ்சே நல்லா இருக்குன்னீங்களா?"

"ஆமா."

அழுவாள் என்று நினைத்தேன். "சரி, ஃபைலைத் திறங்க" என்றாள். ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினோம். 'ஃபைபர் கருவிகளில் கோளாறு கண்காணிப்பும் அறிவிப்பும்.' நீளம். ஆனால் உள்ளே இருப்பது அவ்வளவுதான். திருத்தக் குறிப்பில் யார் தவறு என்பதை நானே எழுதினேன்.

மார்ச் 20

கூட்டத்தில் தலைப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மார்ச் 24

ஜாக்குலின் புது முகப்பை அனுப்பியிருக்கிறாள். ஆசிரியர்கள்: ஜாக்குலின், ரீனா. கூடவே ஒரே வரி – 'பெயர் வரிசை சரியா?' 'அக்கா' என்ற சொல் இல்லை.

பக்கங்களை எண்ணினேன். நான் நாற்பது, அவள் அறுபத்தெட்டு. மறுபடியும் எண்ணினேன். அவள் பெயர் முன்னால் நிற்பது இன்னும் எரியத்தான் செய்கிறது.

'சரி' என்று அனுப்பினேன். இந்தத் தடவை பொய் இல்லை.