பாதி கேட்ட பேச்சு

மகளே,

"உனக்குக் கை நடுங்குது, துப்பாக்கிய வித்துடுப்பா" என்று போனில் சொன்னாய். உன் பேச்சைப் பாதி கேட்டேன். பெரியதை விற்றுவிட்டு, சுடும்போது கையை உதறாத சின்ன பாயிண்ட் டூ டூ ரகக் கைத்துப்பாக்கி வாங்கிவிட்டேன்.

"பேத்தி பழகவா, பெருசு?" என்றான் கடைக்கார வெண்டல்.

"எனக்குத்தான்டா."

"அப்ப போட்டிக்குன்னு வர்ற ஒசத்தி தோட்டாவ எடுத்துக்க."

"பழகுற மலிவு தோட்டாவே போதும். குறி தப்புறது தோட்டா இல்ல, நான்."

சனிக்கிழமை நம் மொன்டானா துப்பாக்கி சுடும் மன்றத்துப் போட்டியில் இரண்டு கையாலும் பிடித்துச் சுட்டேன். எல்லாக் குண்டும் குறி அட்டையில்தான் விழுந்தது. நடுப்புள்ளி மட்டும் புத்தம் புதிதாக இருக்கிறது. கடைசி இடம்.

கடைசி ஆளின் பெயரையும் பலகையில் எழுதுகிறார்கள். அடுத்த மாதமும் என் பெயர் அங்கே இருக்கும். அதை அழிக்க ஆசையென்றால், நீ நேரில்தான் வரவேண்டும்.

அடங்காத உன்
அப்பா