உப்பை விட்டவருக்கு ஒளித்த செய்தி

அன்புள்ள இஞ்சேருங்கோ,

முப்பத்தொரு வருடம் உங்களை நான் இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதத்தில் மட்டும் வேறு எப்படிக் கூப்பிட? வருகிற ஞாயிறு உங்கள் ஆண்டுத் திவசம். பத்திரிகையில் உங்கள் படத்தோடு போட நாலு வரி எழுதித் தரும்படி உங்கள் தங்கை ஆள் விட்டுக் கேட்டிருக்கிறார். நேரில் கேட்கவில்லை. ஒரு வருடமாக மச்சாள் என்னோடு கதைப்பதில்லை.

நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆறாத்துயர், பிரிவுத்துயர் என்று எழுதக் கை வரவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் எங்களைத் தெரிந்தவர்கள் அரையும் குறையுமாகக் கதைத்ததை நானே முழுசாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் கேட்க வேண்டியவர் நீங்கள். வாசிக்கிறவர்களும் கேட்கட்டும்.

முதலில் உங்கள் மேலுள்ள கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டுவேன். சோற்றில் கை வைக்க முதலே "உப்புக் காணாது" என்பீர்கள். ருசி பார்க்காமலே உப்புப் போத்தலைத் தட்டுவீர்கள். பிரஷர் ஏறிவிட்டது, உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும், கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், பப்படம் எதுவும் ஆகாது என்று தெஹிவளை டொக்டர் சொன்ன அன்று, நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினீர்கள். வெளியில் வந்து, கடற்கரையில் உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டிய அன்னாசி வாங்கித் தின்றுகொண்டே வீட்டுக்கு வந்தீர்கள்.

நான் சமையலில் உப்பைக் குறைத்தேன். நீங்கள் வெறும் மருந்துக் குளிசைப் போத்தலில் உப்பை நிரப்பிச் சட்டைப் பையில் கொண்டு திரிந்தீர்கள். எனக்கு அது எப்படித் தெரிய வந்தது? பாலத்தடிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் போத்தலைத் திறந்து, "மே மொகத்த?" என்று கேட்டிருக்கிறான். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டவனுக்கு "லுனு, மாத்தயா" என்று சொல்லியிருக்கிறீர்கள். உப்பு என்றால் நம்புவானா? சாப்பிட்டுக் காட்டச் சொன்னானாம். வீட்டுக்கு வந்து, "இஞ்சேரும், ஆமி சொல்லி உப்புச் சாப்பிட்ட ஒரே தமிழன் நான்தான்" என்று விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயசு மனிசன், கப்பல் கொம்பனிக் கிளாக்கர், துவக்குக்கு முன்னால் நின்று உள்ளங்கையை நக்கியிருக்கிறார்.

இப்படி மூன்று வருடம் கெஞ்சினேன், ஒளித்தேன், சண்டை பிடித்தேன். நீங்கள் கேட்கவில்லை.

பிறகு எங்கள் மகன் சுதன் போனான். இருபத்திரண்டு வயசுப் பிள்ளையைக் கொழும்பில் வைத்திருக்க எங்களுக்கு நெஞ்சில் பலமில்லை. பொலிஸ் வந்து கதவைத் தட்டும் ஒவ்வொரு தடவையும் அவனை ஜீப்பில் ஏற்றுவார்களோ என்று செத்துப் பிழைத்தோம். ஏஜென்சிக்காரனோடு வெளிநாட்டுக்கு அனுப்பினோம். மொஸ்கோவிலிருந்து ஒரு தடவை டெலிபோன் எடுத்தான். அதற்குப் பிறகு பேச்சு மூச்சில்லை. காட்டுக்குள்ளால் எல்லை கடக்கும்போது பெடியன்கள் குளிரில் விறைத்துச் செத்த கதைகள்தான் எங்களுக்கு வந்தன.

மூன்றாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்குத் தனியாகப் போய் வந்தீர்கள். திருநீறு காயாத நெற்றியோடு வாசலில் நின்று சொன்னீர்கள்.

"இஞ்சேரும், சுதன்ரை செய்தி வாற வரைக்கும் நான் உப்பை விட்டிட்டன். முருகனுக்குச் சொல்லிப்போட்டன்."

நான் அழுதேன். பிள்ளையை நினைத்து அழுகிறேன் என்று முதுகைத் தடவினீர்கள். பாதிதான் பிள்ளைக்கு. மற்றப் பாதி ஆத்திரம். மனிசி மூன்று வருடம் சொன்னால் காதில் ஏறாது, கோயிலில் ஒரு வார்த்தை சொன்னால் ஏறும், அப்படித்தானே? அன்றே அதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் நேர்த்தியைக் காத்தீர்கள். அதை இல்லை என்று சொல்லமாட்டேன். உங்களுக்கென்று தனிச் சட்டி வைத்தேன். உள்ளி, மிளகு, தேசிக்காய் என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு கிழமை வைக்கோல் தின்கிற மாதிரி மென்றீர்கள். கீழ்வீட்டில் கருவாடு பொரித்தால் எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினீர்கள். ஒரு மாதம் போக, "வல்லாரையிலையே உப்புக் கிடக்கப்பா" என்று அதிசயப்பட்டீர்கள். கடைப் பாணைக் கடித்துவிட்டு, இதில் உப்பு இருக்கிறது, நேர்த்தி முறிந்துவிடும் என்று தட்டைத் தள்ளினீர்கள். அன்றிலிருந்து காலையில் உப்பில்லாத ரொட்டி சுட்டேன்.

நாலு மாதத்தில் பிரஷர் இறங்கியது. டொக்டர் நம்பாமல் இரண்டு தரம் பட்டியைக் கட்டிப் பார்த்தார். "இப்பிடியே விடாமல் கொண்டு போங்கோ. அடுத்த மாதமும் இதிலையே நிண்டால் குளிசையைக் குறைக்கலாம்" என்றார். எனக்கு வாய் கொள்ளாத சந்தோசம். நீங்கள் டொக்டரைப் பார்க்காமல் சட்டைக் கையை இறக்கிவிட்டீர்கள். இரவில் நித்திரை இல்லை, சாப்பாட்டில் மனமில்லை, சட்டை தோளில் தொங்கியது. நான் அந்த மீற்றரில் நின்ற முள்ளை மட்டும்தான் பார்த்தேன்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் காலி வீதி டெலிபோன் கடை அக்கா, சுதன் எடுத்தான், பத்து நிமிசத்தில் திரும்ப எடுப்பான் என்று ஆள் அனுப்பினார். செருப்பும் போடாமல் ஓடினேன்.

"அம்மா, நான் பிரான்ஸ் வந்திட்டன். அகதிக் காம்பிலை இருக்கிறன். ஒரு குறையும் இல்லை. அப்பா எங்கை?"

"அப்பா வேலையிலை ராசா. வந்த உடனை சொல்லுறன்."

சொல்லுகிற எண்ணத்தோடுதான் கடையை விட்டு வெளிக்கிட்டேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். ஒழுங்கைக்குத் திரும்ப முதல் பலசரக்குக் கடை வாசலில் கட்டாக் கருவாடு தொங்கியது. அதைக் கண்டு நின்றேன். செய்தி வந்தால் நேர்த்தி முடிந்தது. நேர்த்தி முடிந்தால் இந்த மனிசன் அன்றைக்கே அந்தக் கருவாட்டில் அரைவாசியைத் தின்பார். டொக்டரிடம் போக இன்னும் பன்னிரண்டு நாள். பன்னிரண்டு நாள்தானே, பிள்ளைதான் உயிரோடு இருக்கிறானே என்று நினைத்தேன். நீங்கள் கடற்கரை ரயிலில் கோட்டைக்குப் போய் வருகிற ஆள், கடை அக்காவைக் காணப்போவதில்லை என்பதையும் யோசித்தேன். எவ்வளவு கெட்டித்தனம் பாருங்கள்.

வேலையால் வந்ததும் வழக்கம்போல, "செய்தி ஏதும்?" என்றீர்கள். "இல்லை" என்றேன். முதல் நாள் நாக்குக் கூசியது. மூன்றாம் நாள் கூசவில்லை.

ஆறாம் நாள், ஞாயிறு, சுதனின் நீலச் சட்டையை மறுபடி எடுத்து ஸ்திரி போட்டீர்கள். எனக்குத் தாங்கவில்லை. சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து நீங்களே தொடங்கினீர்கள். "செய்தி வரட்டும், அண்டைக்குப் பாரும். சீலாக் கருவாடு பொரிச்சு, பழஞ்சோத்திலை உப்பை அள்ளிப் போட்டு..." என்று சொல்லிச் சிரித்தீர்கள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரித்தீர்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு நிமிசம் பேசாமல் ஸ்திரி போட்டிருக்கக் கூடாதா?

ஒன்பதாம் நாள் காலை. "கனவிலை பெடியன் தண்ணி கேட்டவன்" என்றீர்கள். சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே, "இண்டைக்காவது ஏதும் வருமே?" என்றீர்கள். "வரும்" என்றேன். சப்பாத்துப் போடக் குனிந்தவர் நிமிரவில்லை.

மாரடைப்பு என்றார்கள். உங்கள் டொக்டரும் பார்க்க வந்தார். "பிரஷர் நல்லாத்தானே நிண்டது. ஆளுக்கு மனசிலை ஏதும் யோசனை இருந்ததோ?" என்று கேட்டார். உப்பைச் சாப்பிட்டிருந்தால் இருந்திருப்பீர்களா? செய்தியைக் கேட்டிருந்தால் இருந்திருப்பீர்களா? யாரும் எனக்குச் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும் தெரியும். பிள்ளை செத்திருப்பானோ என்ற பயத்தோடுதான் நீங்கள் போனீர்கள். அந்தப் பயத்தை ஒன்பது நாள் நான் காவல் காத்தேன்.

நீங்கள் போய் எட்டாம் நாள் படையலுக்கு மச்சாள் கருவாடு பொரித்துக்கொண்டு வந்தார், அண்ணனுக்குப் பிடிக்கும் என்று. உயிரோடு இருந்தபோது ஒளித்ததை எல்லாம் உங்கள் படத்துக்கு முன்னால் குவித்தோம். அப்போதுதான் டெலிபோன் கடை அக்கா வந்து என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை போய்ச் சேர்ந்த சந்தோசத்தை ரெண்டு கிழமைகூட இந்த மனிசன் அனுபவிக்கேல்லையே" என்று அழுதார்.

மச்சாள் திரும்பினார். "எந்தப் பிள்ளை? எந்தச் செய்தி, மச்சாள்?"

நான் சொன்னேன். எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். பொரித்த கருவாட்டைத் தட்டோடு எடுத்துக்கொண்டு போனவர்தான், பிறகு படியேறவில்லை. அவர் செய்தது பிழை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் மச்சாளுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. சுதனுக்கு உங்கள் செய்தியைச் சொன்னபோது, அவன் அழுது முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான். "நான் வந்து சேர்ந்தது அப்பாவுக்குத் தெரியும்தானே அம்மா? என்ன சொன்னவர்?"

"தெரியும் ராசா. கேட்டுச் சந்தோசத்திலை அழுதவர். நேர்த்தி முடிஞ்சுதெண்டு உப்புப் போட்டு வயிறாரச் சாப்பிட்டவர்" என்றேன்.

நீங்கள் உண்ணாத அந்தச் சாப்பாட்டைப் பற்றி ஒவ்வொரு தடவையும் கேட்கிறான். என்ன கறி, எத்தனை தரம் சோறு வாங்கினார், சிரித்தாரா என்று கேட்கிறான். நானும் சொல்கிறேன். போன மாதம் கத்தரிக்காய்ப் பொரியலும் சேர்த்துவிட்டேன். குளிரில் தனியாக இருக்கிற பிள்ளை அந்தச் சாப்பாட்டைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டுகிறான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், இனி என்னால் சமைக்க முடியாது.

இது அச்சில் வருவது ஞாயிறு. சனிக்கிழமை பின்னேரம் அவன் எடுப்பான். ஊரார் வாசிக்க முதல் அவன் என் வாயால் கேட்பான். பிரஷர், டொக்டர், பன்னிரண்டு நாள் என்று சாட்டுச் சொல்லமாட்டேன். அப்பா உன்னைத் தேடிக்கொண்டே போனார், உன் செய்தி என் மடியில் இருந்தது என்று சொல்வேன். அதற்குப் பிறகு அவன் டெலிபோன் எடுக்காமல் விட்டால், நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி நானும் தினமும் கேட்டுக்கொண்டு இருப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

என்றும் உங்கள் மனைவி,
சனிக்கிழமை வரைக்கும் சுதனின் அம்மா