டீ சாஸரில் ஒரு பின்

இவளே,

வாத்தியார் வீட்டுக்கு ஓடுகிறேன். எட்டு மாதமாக நம் ஷெட்டில் பிரித்துப் பிரித்து மாட்டினேனே, அந்தக் கிழட்டுத் தோட்ட டிராக்டரைக் காலையில் அவர் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அதன் பிரேக் கம்பி கழன்றுவிடாமல் பிடிக்கிற சின்ன இரும்புப் பின் என் சட்டைப் பையில் இருக்கிறது.

இங்கே ஓட்டிக் காட்டியபோது பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் ஓட ஓட அதிர்ந்து கம்பி நழுவிவிடும். அவர் தோட்டமோ ஒரே சரிவு, கீழே மெயின் ரோடு. பத்து தடவை போன் செய்துவிட்டேன், எடுக்கவில்லை. “முதல் ரவுண்டு பாப்பாவ மடியில வச்சுட்டுத்தான்” என்று சிரித்துக்கொண்டே போனார்.

அவர் இங்கே கூப்பிட்டால் நலம் விசாரித்துக்கொண்டு நிற்காதே. “வண்டிய விட்டு எறங்குங்க, சக்கரத்துக்குக் கல்லு வைங்க” என்று மட்டும் சொல்.

ஷெட்டைப் பூட்டவில்லை. அடுப்பை அணைத்தேனா என்றும் நினைவில்லை, முதலில் அதைப் பார். நீ சாப்பிடு, எனக்காகக் காத்திருக்காதே.

இன்னொன்று. நேற்று நீ இந்தப் பின்னை எடுத்துக் காட்டி, “ஏங்க, இது எங்க போகணும்?” என்று கேட்டாய். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், “அது மிச்சம், உன் வேலையப் பாரு” என்றேன்.

நீ வேலைக்குக் கிளம்பும்போது வைத்த டீயைக் கொட்டப் போனபோதுதான் சாஸரில் இதைப் பார்த்தேன். என் கண்ணில் படட்டும் என்றுதானே அங்கே வைத்தாய். நான்தான் வீம்புக்கு டீயைத் தொடவில்லை.