சோடாவில் ஊறிய ஐந்து புடவைகள்

சனி, 24 அக்டோபர் 1953

மூன்றாம் நாளாக மழை. கொடியில் போட்டது ஒன்றும் காயவில்லை. அவர் ஈர வேட்டியோடு ஆபீஸ் போனார். பிரெஞ்சுக்காரர் முனிசிபாலிட்டியில், மேரி ஆபீசில், பிறப்பு இறப்பு எழுதுகிற குமாஸ்தாவை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று சிரிப்பு வேறு.

தைக்க வேண்டியவை:
ரோசாலி பள்ளிப் பை, வார் அறுந்தது
எதிர்வீட்டு மைமூன் லாத்தாவுக்குத் தலையணை உறை, நான்கு
மிஷினுக்கு மூடுதுணி (கூரை ஒழுகுகிறது, சரியாக மிஷின் தலையில்)
அவர் சட்டை, காலர் திருப்பிப் போடணும்

அவர் மகள் ரோ. காலையில் உதடு வெளுத்து உட்கார்ந்திருந்தாள். கம்பளி குத்துகிறதாம். உதறிவிட்டு விடிய விடிய நடுங்கியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்லி, அப்பா என்னிடம் சொல்லி. இந்த வீட்டில் எல்லாச் செய்தியும் இப்படித்தான் சுற்றிக்கொண்டு வருகிறது. நான் இவருக்கு இரண்டாம் தாரமாக வந்து ஆறு மாதம், அவளுக்கு எட்டு வயது, இதுவரை என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மா வேண்டாம், யார் கேட்டார்கள். சித்தி என்றாவது, சின்னம்மா என்றாவது, ஏய் என்றாவது. பிறந்த ஊர் நெரவியில் எனக்கு வாயாடி அமலி என்று பெயர். இங்கே வந்து ஊமைச்சியாகிவிட்டேன்.

ஒட்டுப் போர்வை ஒன்று தைத்துவிடலாம். மேலே புடவைத் துண்டுகள், நடுவில் பழைய வேட்டி இரண்டு மடிப்பு, அடியில் முழுப் புடவை. மெத்தென்று இருக்கும், குத்தாது. புடவைக்கு எங்கே போவது என்று அவரிடம் கேட்டேன். மூலையில் இருந்த தகரப் பெட்டியைக் காட்டினார்.

"தெரேஸ் புடவை அஞ்சு இருக்கு. சும்மா பூச்சி அரிச்சுக்கிட்டுக் கிடக்கு. எடுத்துக்க."

மூத்த தாரம் தெரேஸ் அக்கா போய் ஒன்றரை வருஷம். திறந்து பார்த்தேன். பச்சை, மாம்பழக் கலர், ஊதாக் கட்டம், சிவப்பு, வெள்ளையில் நீலப்பூ. பெற்ற தாய் புடவையையே போர்த்திக்கொண்டு படுக்கலாம், குழந்தைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்! இந்த யோசனை எனக்கு வந்ததே என்று பெருமை தாங்கவில்லை.

ஞாயிறு, 25

பூசை முடிந்து வரும்போது பளிச்சென்று வெயில். விடுவேனா. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தது பாவம்தான், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம். ஐந்து புடவையையும் சலவைச் சோடாவில் ஊறப்போட்டு, கல்லில் அடித்து, மூன்று தண்ணீரில் அலசினேன். துவைக்காத பழந்துணியில் கத்திரி வைக்கக்கூடாது. கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் முதல் நாள் கற்றது இதுதான். தைத்த பிறகு துவைத்தால் ஒரு துண்டு சுருங்கும், ஒரு துண்டு சாயம் விடும், போர்வை முழுக்கச் சுளித்துக்கொள்ளும். சிவப்பு வாளி நிறைய சாயம் விட்டது. நல்லவேளை, முன்னாலேயே துவைத்தேன்.

ரோ. லாத்தா வீட்டிலிருந்து வந்தாள். நேரே கொடிக்குப் போனாள். பச்சைப் புடவையில் முகத்தை வைத்தாள். அடுத்ததில் வைத்தாள். ஐந்திலும். ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன்.

"ஈரத்துல மூஞ்சிய வைக்காதடி, சளி புடிக்கும்."

திரும்பிப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

கொடுவா மீன் குழம்பு நன்றாக வந்தது. அவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

திங்கள், 26

மறுபடி மழை. ரோ. நேற்று மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை. தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் அந்தக் காலிப் பெட்டியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "என்னடி தேடுறே?" "ஒண்ணும் இல்லைங்க."

தலையணை உறை கொடுக்க லாத்தா வீட்டுக்குப் போனேன். பேச்சுவாக்கில் சொன்னேன். லாத்தா கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"அல்லாவே! அதைத் துவைச்சுட்டியா?"

"பின்னே, துவைக்காம எப்படி லாத்தா வெட்டுறது?"

"அடி புள்ள! அது உம்மா மௌத்தான பொறவு ஒரு நாள் விடாம அந்தப் பொட்டிக்குள்ள மூஞ்சிய வச்சு மோந்து பாக்குமாம். 'எங்கம்மா வாசம் அப்படியே இருக்கு லாத்தா'ன்னு எங்கிட்ட வந்து சொல்லும். நீ அடுப்படியில இருப்பியே, ஒனக்கு எங்க தெரியப்போவுது."

எப்படி வீடு வந்தேன் என்று தெரியாது. குடையை அங்கேயே வைத்துவிட்டேன். ஐந்து புடவையையும் எடுத்து மோந்து பார்த்தேன். சோடா வாசம். வெயில் வாசம். வேறு ஒன்றுமே இல்லை. என் கை சுத்தம் அவ்வளவு. மூன்று தண்ணீரில் அலசினாளாம் மூன்று தண்ணீரில்! ஒரு தண்ணீரோடு விட்டிருக்கக்கூடாதா, பாவி.

செவ்வாய், 27

அவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்தவர் பிசைந்துகொண்டே இருந்தார். "எடுத்துக்கன்னு சொன்னது நான்தானே" என்றார். திட்டியிருந்தால் தேவலை. நானும் இரண்டு வார்த்தை பதிலுக்குப் பேசியிருப்பேன், ஆறியிருக்கும்.

ரோ.விடம் போய் உட்கார்ந்தேன். தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிச்சிக்கம்மா என்றேன்.

"பரவாயில்லைங்க."

போஸ்ட்மேனிடம் சொல்கிற மாதிரி.

வியாழன், 29

பள்ளி லீவு. பிரெஞ்சுப் பள்ளிக்கு வியாழன்தோறும் உண்டு. அவளுக்காக இன்று தைத்தது: பாவாடைக்குக் குட்டிப் பாக்கெட். பென்சில் வைக்க உறை, பொத்தான் வைத்தது. கைக்குட்டையில் ர எழுத்து, சங்கிலித் தையல். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். மடித்து அலமாரியில் வைத்துக்கொண்டாள். ஒன்றையும் தொடவில்லை. லஞ்சம் கொடுக்கிறேன் என்று அதற்கே தெரிகிறது.

குடை எடுக்கப் போனேன். லாத்தா தன் கதை சொன்னார்கள். அவர்கள் வீட்டுக்கார மச்சான் சைகோனுக்குக் கப்பல் ஏறின அன்று அவிழ்த்துப் போட்ட கைலி. மூன்று வருஷமாகத் துவைக்கவில்லையாம்.

"யாருகிட்டயும் சொல்லிடாத. சுத்தபத்தமான குடும்பம்னு பேரு வாங்கி வச்சிருக்கோம்."

சிரித்து, சிரிப்பிலேயே அழுதுவிட்டேன். லாத்தாவும்.

"புள்ளகிட்ட நேராக் கேளு. ஒங்கிஷ்டத்துக்குப் பெட்டியில வைக்கவும் வேணாம், வெட்டவும் வேணாம். அது உம்மா சீலை, அதைக் கேளு."

எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை? அவரைக் கேட்டேன். அவளைக் கேட்கவில்லை.

சனி, 31

கேட்டுவிட்டேன். ஐந்து புடவையையும் அவள் முன்னால் வைத்து, கத்திரியைத் தரையில் வைத்து. "வெட்டவா, பெட்டியில வைக்கவா? நீ சொல்றதுதான்."

வெகுநேரம் பார்த்தாள். கம்பளி இன்னும் குத்தத்தான் செய்கிறது போல.

"பச்சையை வெட்டக்கூடாது."

"சரி."

"மத்தது வெட்டலாம். சதுரமா."

அப்படியானால் பச்சை முழுசாக அடியில், உடம்பில் படுகிற பக்கம். இதைச் சொன்னதும் தலையாட்டினாள். ஒரு சாண் சதுரம், தையலுக்கு அரை விரல் விட்டு, எண்பத்து நாலு துண்டு. அவளே தரையில் பரப்பினாள். இரண்டு சிவப்பு பக்கத்தில் வரக்கூடாதாம். ஊதா ஓரத்துக்குப் போகக்கூடாதாம். எனக்கு எந்த வாடிக்கைக்காரியும் இத்தனை சட்டம் போட்டதில்லை.

துண்டு வைக்க வைக்கப் பேச்சு வந்தது. என்னைப் பார்த்து இல்லை, துணியைப் பார்த்து. மாம்பழக் கலர் திருநள்ளாற்றுக் கடையில் வாங்கினதாம். நீலப்பூ கட்டினால் அம்மா பாடுவார்களாம். ஊதாவில் ஒரு நாள் கஞ்சியைக் கொட்டி அப்பாவிடம் சொல்லாதே என்றார்களாம்.

கேட்டுக்கொண்டே நூலோட்டினேன். பொறாமையாக இருந்தது. செத்துப்போனவள்மேல் பொறாமை, தூ. ஆனால் இருந்தது. பாடத் தெரிந்தவளாமே. நான் பாடினால் கோழிகூட ஓடும்.

திங்கள், 2 நவம்பர்

கல்லறைத் திருநாள். நேற்று சகல புனிதர் திருநாள், ஊசி தொடவில்லை. இன்று மூவரும் கல்லறைக்குப் போனோம். எங்கு பார்த்தாலும் சாமந்தி, மெழுகுவர்த்தி, தூறல். ஏற்ற ஏற்ற அணைகிறது. அவர் குடையைக் கல்லறைக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தார்.

அக்கா பெயரை இறப்புப் பதிவேட்டில் எழுதினது அவர்தானாம். அந்த வாரம் வேறு ஆள் இல்லையாம். "கையெழுத்து ஒரு இடத்துலகூடக் கோணவே இல்ல. அதான் எனக்கு இன்னும் கோவம்" என்றார். ஆறு மாதத்தில் இதுதான் முதல் தடவை அவர் அக்காவைப் பற்றி என்னிடம் மனம்விட்டுப் பேசியது.

நான் பின்னால் தள்ளி நின்றேன். ரோ. குனிந்து கல்லோடு ரகசியம் பேசினாள். காற்று என் பக்கம் அடித்தது.

"எல்லாத்தையும் சோடாவுல போட்டுட்டாங்கம்மா." அணைந்த மெழுகுவர்த்தியை நிமிர்த்திவிட்டு, "தெரியாமதான்."

தெரியாமதான். எனக்காக அம்மாவிடம் சிபாரிசு. மழை என்பதால் முகத்தைத் துடைக்க வேண்டியிருக்கவில்லை.

புதன், 4

மேல் பக்கம் முடிந்தது. மிஷினில் சதுரங்களைச் சேர்த்து இஸ்திரி போட்டாகிவிட்டது. மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையால் நூலோட்டணும். ஊசி முனை நடுவிரலில் ஏறிவிட்டது, ரத்தம். மாம்பழக் கலரில் ஒரு பொட்டு.

அவர் மூன்று மணிக்கே வந்துவிட்டார். குடைக்குள் பிஸ்கோத்து டின். கதவைச் சாத்திவிட்டு என் கையில் வைத்தார். திறந்தால் ஆபீஸ் காகிதத்தில் சுற்றின ரவிக்கை. மஞ்சள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று அக்கா கழற்றிப் போட்டது. அன்றிலிருந்து ஆபீஸ் மேஜை டிராயரில் இருக்கிறது.

"துவைக்கலை" என்றார்.

எரிந்தது. எழுதிவிடுகிறேன், இதை யாரும் படிக்கப் போவதில்லை. ஆறு மாதமாக மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுத்திருக்கிறேன் அந்த மேஜைக்கு. டிராயரில் அவள், மேலே என் தூக்குச்சட்டி. கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், திருடி அகப்பட்டவர் மாதிரி. கேட்கவில்லை.

"நீயே குடுத்துடு ரோசுக்கு" என்றார். "ஒன் கையால குடுத்தா அதுக்கு..."

ஆசையாக இருந்தது. பொய் இல்லை. நான் கொடுத்தால் என்மேல் ஒட்டிக்கொள்வாள். அதற்குத்தானே பாக்கெட், பென்சில் உறை எல்லாம்.

"நீங்க வச்சிருந்தது. நீங்களே குடுங்க" என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் வந்தது. அடுப்படிக்குப் போய்விட்டேன். உள்ளே அப்பாவும் பெண்ணும் அழுகிற சத்தம். நான் அவரைக்காயில் நார் எடுத்தேன். ஒரு பிடி அவரைக்காய்க்கு அரை மணி நேரம்.

வியாழன், 5

பள்ளி லீவு. நான் நூலோட்டிக்கொண்டிருக்க, ரோ. டின்னோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். மூன்று பக்கம் முடித்திருந்தேன், தலைமாட்டுப் பக்கம் பாக்கி.

"இதைத் துவைக்காம உள்ள வச்சுத் தைக்க முடியுமா?"

முடியாது. அழுக்குத் துணியை உள்ளே வைத்தால் பூச்சி வரும், மக்கும், கறை மேலே ஏறும். மடத்து சேர், தையல் சொல்லித்தந்த கன்னியாஸ்திரி, கேட்டால் என் காதைப் பிடித்துத் திருகுவார்கள்.

"முடியும்" என்றேன்.

"வெட்டக்கூடாது."

"வெட்டமாட்டேன்."

மடித்தபடியே இரண்டு வேட்டி மடிப்புக்கும் நடுவில் வைத்தோம். நகராமல் நான்கு மூலையிலும் ஒரு ஒரு தையல், ரவிக்கையைக் குத்தாமல் அதைச் சுற்றி வேட்டியில் போட்டது. தலைமாட்டில் ஒரு சாண் தைக்காமல் விட்டு, மூன்று பொத்தான், மூன்று காஜா. போர்வையைத் துவைக்கும்போது அதை மட்டும் வெளியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். என் மூளைக்கு இன்று நானே ஒரு கும்பிடு போட்டேன்.

பொத்தானை அவள் தைத்தாள். கோணல். பிரிக்கவில்லை.

இஞ்சி வாங்கணும். மண்ணெண்ணெய்.

வெள்ளி, 6

மழை. கூரை இன்னொரு இடத்திலும் ஒழுகுகிறது. ரோ. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைப் போட்டுவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொண்டாள். மூக்கு மட்டும் வெளியே. நான் அவர் சட்டைக் காலரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"இங்க வாங்க."

பெயர் இல்லை. இன்றும் இல்லை. ஆனால் வீட்டில் வேறு யாரும் இல்லை, என்னைத்தான்.

போனேன். பக்கத்தில் இடம் விட்டாள், உட்கார்ந்தேன். ஒரு பொத்தானை மட்டும் கழற்றினாள். மற்ற இரண்டையும் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களும் மோந்து பாருங்க. மெதுவா. தீந்துபோயிடும்."

மெதுவாகத்தான் இழுத்தேன்.