பால்கோவாச் சுரண்டல்

மதுரை
12.8.1990

அக்கா கருத்தம்மாவுக்கு, தம்பி காசிராஜன் எழுதுவது.

செல்லக்கனிக்கு ஆண் பிள்ளை என்ற தந்தி காலையில் கிடைத்தது. இந்த வரியைப் படித்ததும் கடிதத்தை வைத்துவிட்டு, பிள்ளையை அவள் மாரிலிருந்து எடுத்துவிடு. பிறகு வந்து மிச்சத்தைப் படி. இந்தக் கடிதம் கொண்டுவரும் மொக்கைச்சாமியிடம் கொடுத்தனுப்பிய டப்பாவில் இருப்பது கைக்குழந்தைக்கென்றே செய்த சோயா மாவு. அதைக் கரைத்துக் கொடு.

இங்கே மூத்தவள் பரிபூரணத்துக்கு இரண்டாவது கண்ணிலும் ஆபரேஷன் முடிந்தது. கண்ணில் போட்ட கட்டைப் பிய்த்துவிடுவாள் என்று மூன்று வயதுப் பிள்ளையின் கைகளைக் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள். அவளை விட்டுவிட்டு என்னால் ராஜபாளையம் வர முடியவில்லை.

தந்தியைக் காட்டியதும் டாக்டரம்மா பதறிவிட்டார். எந்தப் பாலிலும், தாய்ப்பாலிலும்கூட, ஒரு சர்க்கரை இருக்கிறதாம். அதன் மேல் பாஸ்பேட் என்ற ஒன்றை ஒட்டினால்தான் உடம்பு அதைச் செலவழிக்குமாம். ஒட்டிவிடும் நொதிக்குப் பெயர் கேலக்டோகைனேஸ். அது நம் பரிபூரணத்துக்கு இல்லை. சர்க்கரை கண்ணில் தேங்கிப் புரையாகிவிட்டது. அக்கா மகள் செல்லக்கனியையே நான் கட்டியதால், ஒரே குறை எங்கள் இருவர் ரத்தத்திலும் இருக்கிறதாம். சின்னவனுக்கும் வந்திருக்கலாம். புதன்கிழமை அவனை இங்கே கொண்டுவா, சோதித்துப் பார்ப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது.

பாலை நிறுத்தியதும் போன வருஷம் பரிபூரணத்தின் கண் தெளிந்துகொண்டு வந்தது. பிறகு மறுபடி மங்கியது. சித்திரையில் நீ ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது, "எனக்குத் தெரியாம பால் குடுத்து பிள்ளை கண்ணை அவிச்சிட்டியே, ஏட்டி" என்று வயிற்றுப் பிள்ளைக்காரி செல்லக்கனியை அறைந்தாய். "நான் குடுக்கலம்மா" என்று அவள் அழுதாள். அவள் சொன்னது நிஜம்.

கொடுத்தது நான். கடையில் அடுப்பு வேலை முடிந்ததும் சட்டியில் ஒட்டிய பால்கோவாவைச் சுரண்டி, தினமும் இலையில் மடித்துக் கொண்டுபோவேன். டாக்டரம்மா பாலும் மோரும்தான் ஆகாது என்றார். பத்து வருஷமாகக் கிண்டுகிறவன் நான், வற்றிச் சுண்டிய பிறகு அது பாலே இல்லை என்று நம்பினேன். அவர் பங்குனியிலேயே என்னைத் துருவிக் கேட்டு, சுண்டினாலும் அந்தச் சர்க்கரை போகாது என்று சொன்னார். அப்புறம் கொடுக்கவில்லை. ஆனால் நீ அவளை அறைந்தபோது எல்லாம் தெரிந்தும் பேசாமல் நின்றேன். அக்கா, என்னைப் போல் கேடுகெட்டவன் இல்லை.

பால் கட்டி அவளுக்கு மார் வலிக்கும். பிள்ளை வீறிட்டு அழும். இரண்டு பேரும் அழட்டும், நீ இரங்கிவிடாதே. இதை அவளுக்கு வாசித்துக் காட்டு. அவள் இனி என் முகத்தில் விழிக்காவிட்டாலும் சரி, அவள் மகன் அவள் முகத்தைப் பார்த்து வளரட்டும்.

உன் தம்பி,
காசிராஜன்