நீ அனுப்பிய மஞ்சள் கவுன்

தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் நலம், அது உன் புண்ணியத்தால் இல்லை. உன் நலம் கேட்க இன்றைக்குக் கை வரவில்லை, ஆனாலும் பெற்றவள், நீ நலமாயிரு. உன் அக்கா மகள் சிட்டு நாலு நாள் ஆக்சிஜனில் கிடந்து நேற்றுத்தான் வீடு வந்தாள். போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

எட்டு மாதக் குழந்தை இருமலும் காய்ச்சலுமாய்ச் சுருண்டு கிடந்தபோது, தம்பி டாக்டருக்குப் படிக்கிறான் அவனையே கேட்போம் என்று வீடியோவில் உன்னைக் கூப்பிட்டவள் உன் அக்கா. மாமா பார்க்கப் போகிறார் என்று முகம் துடைத்து, பவுடர் போட்டு, நீ வாங்கி அனுப்பிய மஞ்சள் கவுனைக் கழுத்துவரை பட்டன் போட்டு மாட்டிவிட்டாள் பைத்தியக்காரி. நீயும் பார்த்தாய். நேற்றெல்லாம் கத்தித் தீர்த்தவள் இன்றைக்கு அழவே இல்லையே என்றேன், சமத்தாய்த் தூங்குகிறாள், சாதாரணச் சளி என்றாய். பால் இறங்கவில்லை என்றேன், மூக்கடைப்பு என்றாய். எனக்கென்னவோ சரியாகப் படவில்லை என்றதும் சொன்னாய் பார், "நீ வார்டுல தரை துடைக்கிறவம்மா, டாக்டர் இல்ல."

வாயை மூடிக்கொண்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாய்க் குழந்தைகள் வார்டில் பக்கெட்டும் மாப்புமாய்க் குனிந்து நடக்கிறவள் நான், குனிந்தால் கண் கட்டில் உயரத்துக்குத்தான் வரும். கத்துகிற குழந்தையை விட்டுவிட்டுக் கத்தாத குழந்தையிடம் டாக்டரம்மா ஓடுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அத்தனையும் தெரிந்திருந்தும், பிள்ளை படித்தவன் என்று ஒரு பகல் முழுக்கச் சும்மா இருந்துவிட்டேன். மறுநாள் காலையில் கவுனைக் கழற்றினால், ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறது. வாரிக்கொண்டு எங்கள் வார்டுக்கே ஓடினேன். டாக்டரம்மா துணியை விலக்கி நெஞ்சைப் பார்த்தபடி, கடிகாரம் வைத்து ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணினார்கள், அறுபத்தெட்டு; இந்த வயசுக்கு ஐம்பதைத் தொட்டாலே ஆபத்தாம். நிமோனியா என்றார்கள். "நீங்களே இப்படி லேட்டா வரலாமாம்மா?" என்று கேட்டார்கள். டாக்டருக்குப் படிக்கிற என் மகன் சொன்னான் என்று சொல்ல வெட்கமாயிருந்தது.

கவுனைத் தூக்கிக் காட்டு அக்கா என்று ஒரு வார்த்தை சொல்ல எத்தனை வருஷம் படிக்க வேண்டும்? இருபது நொடி முகத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லத்தான் உன்னை அனுப்பினேனா? அடுத்த மாதம் உனக்குக் குழந்தைகள் வார்டில் பயிற்சியாம். அங்கே எவளாவது குழந்தை ஒரு மாதிரி இருக்கிறது என்றால், அவள் என்ன வேலை செய்கிறாள் என்று பார்க்காதே, குழந்தையைப் பார். உன் அக்கா உன் பேரைச் சொன்னாலே எழுந்து போய்விடுகிறாள். அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேள், நடுவில் மருத்துவம் பேசாதே.

கவுனைத் துவைத்து இத்தோடு அனுப்பியிருக்கிறேன், சிட்டுக்கு அது வேண்டாம். உன் மேஜையில் புத்தகத்தின் மேல் விரித்துப் போட்டு வை. தினமும் அதைத் தூக்கிவிட்டுத்தான் நீ புத்தகத்தைத் திறக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாயிரு.

இப்படிக்கு,
தரை துடைக்கிற உன் அம்மா